சுற்றித் தைத்த பிறகும் எரிவது ஏன்?

நெய்வேலி சுரங்கத்தில் மூன்று ஷிப்டும் பார்த்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் கேட்கிறார்: “நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷன் செய்து இரண்டு வருஷமாகிறது. இனி மாத்திரையே வேண்டாம் என்றார்கள். இப்போதும் எரிகிறது. ஆபரேஷன் தோற்றுவிட்டதா?”

அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது ஐயா.

உங்கள் சுரங்கத்திலிருந்தே தொடங்குகிறேன். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு மேலே முட்டுகிறது. இராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பொங்கும். நம் உடம்பிலும் அழுத்தம் வயிற்றில் அதிகம், மார்புக்கூட்டில் குறைவு. அமிலம் மேலே ஏறத்தான் பார்க்கும். உணவுக்குழாயின் அடியில் இறுகி நிற்கும் தசை அதைத் தடுக்கிறது. அது தளர்ந்துபோனால், இரைப்பையின் மேற்பகுதியை இழுத்து, கழுத்தில் துண்டைச் சுற்றுவதுபோலக் குழாயைச் சுற்றித் தைக்கிறார்கள். துண்டும் இரைப்பையின் பகுதிதானே! வயிறு உப்பினால் அதுவும் உப்பிக் குழாயை நெரிக்கும். அமிலத்தைத் தள்ளும் அழுத்தமே கதவையும் சாத்திவிடுகிறது.

1955-ல் பாசல் நகரில் ருடால்ஃப் நிஸன் இந்த ஆபரேஷனைச் செய்தார். 1991 முதல் லேப்ராஸ்கோப்பி. வரலாறு இவ்வளவு போதும்.

தையல் விடலாம், சுற்று மார்புக்கூட்டுக்குள் ஏறிவிடலாம். அப்போது அமிலம் திரும்ப வரும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகும் எரிகிறது என்று வருபவர்களைச் சோதித்தால், பலருக்கு அமிலம் ஏறுவதே இல்லை. பிறகு எது எரிகிறது?

தீ சுட்டாலும் எரிகிறது என்கிறோம். மிளகாய்க் கை பட்ட கண்ணும் எரிகிறது, புளித்த ஏப்பம் வந்தால் நெஞ்சும் எரிகிறது. நரம்புக்கும் இந்த மூன்றும் ஒன்றுதான். டிஆர்பிவி1 என்ற புரதம் நரம்பு நுனியில் ஒரு வாசல்போல இருக்கிறது. மிளகாயின் கேப்சைசின், 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு, அமிலம் என எது வந்தாலும் அது திறக்கும். 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு இந்தப் புரதத்தை அடையாளம் கண்டது. 2021-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. வருஷக்கணக்கில் அமிலத்தில் ஊறிய குழாயில் நரம்புகள் கூர்மையாகிவிடக்கூடும். பிறகு வெறும் காற்று ஏப்பம் வந்து குழாய் லேசாக விரிந்தாலும் எரிகிறது என்றே மூளைக்குச் செய்தி போகும். அமிலம் இல்லாவிட்டாலும் அந்த எரிச்சல் உண்மை, கற்பனை அல்ல.

அமிலமில்லாத எரிச்சல் ஆபரேஷனுக்கு முன்பும் உண்டு. மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்கு வந்த 366 பேரைச் சலித்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. 42 பேருக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் ஒழுங்காகப் போட்டதுமே குறைந்துவிட்டது. 99 பேருக்கு இருந்தது அமிலத்தோடு தொடர்பில்லாத எரிச்சல். வேறு காரணங்களால் விலகியவர்களும் போக, கடைசியில் ஆய்வுக்குத் தேறியவர்கள் 78 பேர். அவர்களில் ஆபரேஷன் பிரிவுக்கு வந்த 27 பேரில் 18 பேருக்குப் பலன். இவ்வளவு சலித்த பிறகும் மூன்றில் இரண்டு பங்குதான். ‘நிரந்தரத் தீர்வு’ என்ற விளம்பரங்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

சுரங்கத்தில் நீரழுத்தத்தைக் கண்காணிப்புக் கிணறுகளில் அளக்கிறார்கள் அல்லவா? இதற்கும் அளவு உண்டு. மூக்கு வழியே மெல்லிய குழாய், இடுப்பில் சின்னப் பெட்டி, 24 மணி நேரம். எரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் அமிலம் ஏறியதா என்று வரைபடம் சொல்லிவிடும். ஏறியிருந்தால் சுற்றைச் சரிபார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் நரம்பை அடக்கும் மருந்து. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதித் தரலாம். மனநோய் என்று முத்திரை குத்திவிட்டார்களோ என்று கலங்க வேண்டாம்.

மறுபடி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். நடந்தால், படியேறினால் கூடுகிற எரிச்சலென்றால், அது இதயத்தின் வலியாகவும் இருக்கலாம்; முதலில் இ.சி.ஜி. எடுங்கள்.