ஞாயிறுதோறும் கூடும் ஊர்

ஹொங்கொங் நகரின் நடுவே சேட்டர் பூங்கா என்றொரு பூங்கா உண்டு. 1975ஆம் ஆண்டு வரை அவ்விடம் கிரிக்கெற் கழகமொன்றின் ஆடுகளமாக விளங்கியது. கழகம் வேறிடஞ் சென்றபின், 1978இல் அது பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. சுற்றிலும் வங்கிகளும் வணிக மாளிகைகளும் வானளாவி நிற்கின்றன. ஆயினும் ஞாயிறு புலர்ந்ததும், அங்கு ஒலிப்பது பெரும்பாலும் பிலிப்பைன் நாட்டு மொழிகளே.

அங்கே கூடுவோர் வீட்டுப் பணிப்பெண்கள். 1974இல் இயற்றிய தொழிற் சட்டத்தின் மூலம் பிலிப்பைன் அரசு தன் மக்கள் வெளிநாடு சென்று உழைப்பதை ஊக்குவித்தது. இன்று ஹொங்கொங்கில் மட்டும் ஏறக்குறைய 2 இலட்சம் பிலிப்பைன் பணியாளர் உளர். 2003ஆம் ஆண்டு முதல் வேலை கொடுப்போரின் இல்லத்திலேயே அவர்கள் தங்கவேண்டும் என்பது விதி. அங்குள்ள வீடுகளோ மிகச் சிறியவை. தமக்கென ஓர் அறை இல்லாதவர் பலர். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்று சட்டம் கூறுகிறது. அந்த ஒரு நாளில் அவர்கள் எங்கே செல்வது? உணவகத்தில் அமர்ந்தால் பணம் செலவாகும். பூங்காவுக்கோ கட்டணம் இல்லை.

ஆதலால் அட்டைத் தாள்களைத் தரையில் விரித்து, பாதணிகளை ஓரமாகக் கழற்றி வைத்து, வீட்டினுள் இருப்பதுபோல் அமர்கிறார்கள். ஒரே ஊரார் வாரந்தோறும் ஒரே இடத்தில் கூடுவதால், தேடி வருபவர் அலைய வேண்டியதில்லை. சோறும் கறியும் பகிர்ந்துண்பார்கள். ஊருக்கு அனுப்பும் பெட்டிகளைக் கட்டுவார்கள். தொலைபேசித் திரையில் பிள்ளைகளின் முகம் காண்பார்கள். புதிதாக வந்த பெண் மூத்தவளை "ஆத்தே" என்றழைக்கிறாள். தகலோக் மொழியில் அதற்கு அக்காள் என்று பொருள். ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை எவை, பணம் அனுப்புவது எவ்வாறு என்பவற்றை அவள் அந்த அக்காளிடமே கற்றுக்கொள்கிறாள்.

அருகிலுள்ள சேட்டர் வீதி 1982 முதல் ஞாயிறுகளில் வாகனங்களுக்கு மூடப்பட்டு வருகிறது. அதை மீண்டும் திறக்கவேண்டுமென 1992இல் வணிகத் தரப்பிலிருந்து யோசனை எழுந்தது; அது நிறைவேறவில்லை. எனினும் 2013இல் நகரின் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு கதவை அடைத்தது. வீட்டுப் பணியில் கழித்த ஆண்டுகள் எத்தனையாயினும், நிரந்தர வதிவுரிமைக்கு அவை கணக்கில் சேரா என அது தீர்ப்பளித்தது.

நேயர்களே, இருபது ஆண்டுகள் உழைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அப்பெண் வந்துபோகும் ஒருத்தியே. பூங்காவிலோ அவளுக்கென ஓரிடம் உண்டு. ஒரு வாரம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க ஆளும் உண்டு. மாலையில் அட்டைகளை மடித்து, குப்பையைப் பொறுக்கி எடுத்துவிட்டு எல்லோரும் விடைபெறுகிறார்கள். அடுத்த ஞாயிறு அதே மரத்தடியில் மீண்டும் அட்டைகள் விரியும்.