பிள்ளை பேண்டில் சேரப் போகிறதா? முதல் மூன்று மாதத்திற்கு ஒரு வழிகாட்டி



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து, நோட்டுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் சுதந்திர தின ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. பல பள்ளிகளில் பி.டி. ஆசிரியர் வகுப்பு வகுப்பாக வந்து, "பேண்டுக்கு யார் யார் வர்றீங்க?" என்று கேட்பார். அங்கே ஆசையோடு கை தூக்கிய பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்து சொல்லும்போதுதான் நமக்குக் கேள்விகள் எழுகின்றன. எவ்வளவு செலவாகும்? படிப்பு கெடுமா? தொழுகை நேரம் தவறுமா? மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?

சென்ற ஆண்டு நம் கல்வி உதவிக் குழுவிடம் ஒரு தாய் வந்தார். மகன் ஆறாம் வகுப்பு. பேண்டில் பெயர் கொடுத்தால் டிரம்மை நாம்தான் வாங்க வேண்டும் என்று அவராகவே நினைத்துக்கொண்டு, காதுத் தோட்டை அடகு வைத்து ஒரு சைடு டிரம் வாங்கிவிட்டார். பள்ளியிலோ டிரம்கள் ஏற்கெனவே இருந்தன. அதுமட்டுமல்ல, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் டிரம்மே தரவில்லை. பெஞ்சில் குச்சியால் தட்டிப் பழகச் சொன்னார்கள். பையன் சலித்துப்போய் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டான். டிரம் பரணுக்குப் போனது. தோடு இன்னும் திரும்பவில்லை. "இதையெல்லாம் முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் அந்தத் தாய். அவருடைய அந்த ஆதங்கத்திற்காகவே இதை எழுதுகிறோம்.

பேண்டில் என்னென்ன இருக்கும்?

நம் ஊர்ப் பள்ளி பேண்டுகளில் பெரும்பாலும் தோல் கருவிகளே அதிகம். சைடு டிரம் பலர் வாசிப்பது. அதன் அடிப்பக்கத் தோலை ஒட்டிக் கம்பிச் சுருள்கள் ஓடும். 'சர்ர்' என்ற அதிர்வு அவற்றிலிருந்துதான் வருகிறது. பேஸ் டிரம் மார்பின்மேல் தொங்கும் பெரிய டிரம். அதன் அடியும் அணிவகுப்பவர்களின் இடது காலும் ஒன்றாக விழ வேண்டும். அதனால், வாசிப்பது சுலபம்போல் தெரிந்தாலும் பொறுப்பு அதிகம். ஒரு அடி தவறினால் முழு அணியின் நடையும் தவறும். இவற்றோடு ஜோடித் தட்டுகளான சிம்பல்ஸ் இருக்கும். வசதியுள்ள பள்ளிகளில் பியூகிள், டிரம்பெட், புல்லாங்குழல் போன்ற ஊதும் கருவிகளும் உண்டு. முன்னால் கோலோடு நடந்து சைகை காட்டுபவர் டிரம் மேஜர்.

பேஸ் டிரம்மும் சிம்பல்ஸும் ஐரோப்பிய ராணுவ பேண்டுகளுக்கு எங்கிருந்து வந்தன தெரியுமா? உஸ்மானியப் பேரரசின் படைகளோடு சென்ற 'மெஹ்தர்' என்ற வாத்தியக் குழுக்களைப் பார்த்துத்தான் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் இவற்றைத் தங்கள் பேண்டுகளில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஆங்கிலேயர் வழியாக நம் நாட்டு ராணுவத்துக்கும், அங்கிருந்து பள்ளி மைதானத்துக்கும் அவை வந்து சேர்ந்தன.

முதல் மூன்று மாதம் எப்படிப் போகும்?

சேர்ந்த மறுநாளே தோளில் டிரம் மாட்டி ஊர்வலம் போவோம் என்று பிள்ளை எண்ணியிருக்கும். அப்படி நடக்காது. முதல் மாதம் குச்சி பிடிப்பதும் கால் மாற்றுவதும்தான். இரண்டு கையிலும் ஒரே மாதிரி பிடிப்பது ஒரு முறை. இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக் குச்சியை விரல்களுக்கிடையே பிடிப்பது இன்னொரு முறை. டிரம்மை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தொங்கவிட்ட காலத்தில் உருவான பிடி இது. ஆசிரியர் எதைச் சொல்லித் தருகிறாரோ அதிலேயே நிற்க வேண்டும். கைப்பேசியில் பார்த்து மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டும் வராது.

டிரம்முக்கு 40 அடிப்படை அடிகள் என்று ஒரு பட்டியல் உலக அளவில் உண்டு. பயப்பட வேண்டாம், தொடக்கத்தில் மூன்று போதும்.

முதலாவது: வலது, இடது, வலது, இடது.
இரண்டாவது: வலது வலது, இடது இடது.
மூன்றாவது: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது.

இந்த மூன்றும் சீராக வந்துவிட்டால் பள்ளி அணிவகுப்புத் தாளங்களில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். ஆனால் சீராக வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். பிள்ளைகள் நின்றுபோவது பெரும்பாலும் இந்தச் சலிப்பான காலத்தில்தான். "இன்னும் டிரம்மே தரலையா?" என்று வீட்டில் கேலி செய்தால் நாமே நிறுத்தியதுபோல் ஆகிவிடும். "இன்னிக்கு எந்த அடி பழகினே? தட்டிக் காட்டு பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள், மறுநாள் பயிற்சிக்குத் தானாகவே கிளம்பும்.

வீட்டில் பதினைந்து நிமிடம் போதும்

வீட்டில் பழக டிரம் தேவையில்லை. ஒரு ஜோடி குச்சி போதும். பழைய ரப்பர் மிதியடித் துண்டையோ சைக்கிள் டியூபையோ பலகைமேல் இறுக்கி ஒட்டினால் பயிற்சித் தட்டு தயார். சத்தமும் அடுத்த வீட்டுக்குப் போகாது. மூடிய அறைக்குள் உண்மையான டிரம்மை நெடுநேரம் அடிப்பது காதுக்கும் நல்லதல்ல. பயிற்சி முடிந்தபின் காதில் 'ஙொய்' என்று கேட்பதாகப் பிள்ளை சொன்னால், அலட்சியம் செய்யாமல் ஆசிரியரிடம் சொல்லி இடைவெளி கேளுங்கள்.

தாளத்துக்குச் சுவர்க் கடிகாரமே நல்ல ஆசான். நிமிடத்துக்கு 60 'டிக்'. முதலில் ஒரு டிக்குக்கு ஒரு அடி. அது பிசகாமல் வந்த பிறகு ஒரு டிக்குக்கு இரண்டு அடி. அணிவகுப்பு விரைவு நடையும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 எட்டுதான். ஆக, கடிகாரத்தோடு பழகிய பிள்ளைக்கு மைதானத்தில் கால் தானாக வரும். தினம் பதினைந்து நிமிடம் பழகுவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட மேல்.

ஊதும் கருவி கொடுத்தால்

பியூகிளில் அழுத்துவதற்கு விசை எதுவும் கிடையாது. உதட்டின் இறுக்கத்தையும் மூச்சையும் மாற்றித்தான் ஸ்வரம் மாற வேண்டும். அதிலும் சில ஸ்வரங்களே வரும். டிரம்பெட்டில் மூன்று விசைகள் இருப்பதால் எல்லா ஸ்வரமும் வாசிக்கலாம். இரண்டிலும் முதல் சில நாட்கள் காற்றுச் சத்தம் மட்டுமே வரும், உதடு வலிக்கும். இது இயல்பு. கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவதோ வலிக்க வலிக்க ஊதுவதோ கூடாது.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தாலோ பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாலோ மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்து, வாய் வைக்கும் பகுதி பலர் கைமாறும். ஒவ்வொருவர் ஊதிய பிறகும் அதைச் சோப்பு நீரில் கழுவித்தான் அடுத்தவர் வாயில் வைக்க வேண்டும். சளி, காய்ச்சல் உள்ள நாளில் ஊதவே வேண்டாம்.

தொழுகை, நோன்பு, உடை, மார்க்கம்

இசைக் கருவிகள் குறித்து ஆலிம்களிடையே ஒரே கருத்து இல்லை. திருமணத்திலும் பெருநாளிலும் தஃப் அடிக்க அனுமதி உண்டு என்பது பரவலாக அறிந்தது. ஊதும் கருவிகளையும் தந்திக் கருவிகளையும் கூடாது என்போர் பலர். நிபந்தனையோடு அனுமதிப்போரும் உண்டு. இந்த மடலில் நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம், 'பள்ளி அணிவகுப்பில் இன்ன கருவி' என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். குறிப்பிட்ட கருவி வேண்டாம் என்று வீட்டில் முடிவானால், பிள்ளையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியரிடம் மரியாதையாகச் சொன்னால் கொடி ஏந்துவது, அணியை நடத்துவது என்று வேறு பொறுப்பு தருவார்கள். காரணம் தெரியாமல் விலக்கப்பட்ட பிள்ளை, தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளும்.

மாலைப் பயிற்சி என்றால் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டு வையுங்கள். குடியரசு தின ஒத்திகை நடக்கும் ஜனவரியில் ஆகஸ்டைவிடச் சீக்கிரமாகவே மக்ரிப் வந்துவிடும். அஸர் தொழ ஐந்து நிமிடம் வேண்டும் என்பதை முதல் வாரமே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. ரமலானில் ஒத்திகை வந்தால், நோன்பு வைத்த பிள்ளைக்கு வெயிலில் நடப்பதிலிருந்தும் ஊதுவதிலிருந்தும் விலக்குக் கேட்கலாம். நிழலில் தட்டிப் பழகலாம். பெண் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பிக்குள் தலைத்துணி போன்றவற்றைத் தலைமையாசிரியருக்கு எழுத்தாகவே கொடுங்கள். விழாவுக்கு முந்தின நாள் கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெயர் கொடுக்குமுன் கேட்க வேண்டிய ஐந்து

1. கருவி பள்ளியுடையதா, நாம் வாங்க வேண்டுமா?
2. சீருடை, ஷூ, தொப்பி யார் செலவு?
3. பயிற்சி எந்த நாட்களில், எத்தனை மணிக்கு முடியும்?
4. தேர்வு நேரத்தில் பயிற்சி உண்டா?
5. வெளியூர் நிகழ்ச்சிக்குப் போனால் உடன் வருவது யார்?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைக்கும்வரை ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் முடிந்தும் பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் மற்றதைப் பற்றி யோசிக்கலாம். சீருடைச் செலவைத் தாங்க முடியாதவர்கள் தயங்காமல் நம் கல்வி உதவிக் குழுவிடம் சொல்லுங்கள். அடகுக் கடைக்குப் போவதற்கு முன் இங்கே வாருங்கள்.

கடைசியாக ஒன்று. பேண்டு வாத்தியத்தோடு தேசிய கீதம் இசைக்கும்போது, அதற்கு முன் டிரம்கள் மெல்லத் தொடங்கி, உச்சத்துக்குப் போய், மீண்டும் மெல்ல இறங்கி, ஏழு எட்டு அளவுக்கு ஒலிக்க வேண்டும் என்பது அரசு வகுத்த முறை. பிறகு ஒரு தாள அளவு அமைதி. அதற்குப் பின்தான் 52 வினாடி கீதம். கூட்டம் முழுவதும் எழுந்து நிமிர்ந்து நிற்கும் நேரம் அது. அந்த முழக்கத்தை எழுப்பும் கைகளில் நம் தெருப் பிள்ளையின் கையும் இருக்கலாம், இன்ஷா அல்லாஹ். அதற்கு இப்போதைக்கு வேண்டியது ஒரு ஜோடி குச்சியும், ஒரு ரப்பர் துண்டும், வீட்டில் நம்முடைய கொஞ்சம் பொறுமையும்தான்.