நிலவில் இறங்கும் விளையாட்டு

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் போகிறீர்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் வண்டி மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நிலவில் 100 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லை நழுவவிட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகமும் ஏறக்குறைய இதுவேதான். நிலவின் ஈர்ப்பு முடுக்கம் விநாடிக்கு விநாடி 1.62 மீட்டர், பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. அதனால் அங்கே மெல்ல இறங்கிவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். காற்று இல்லாததால் பாரசூட்டு பயன்படாது. உந்துபொறியை எரித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இந்தச் சிக்கலையே விளையாட்டாக்கியவர் ஜிம் ஸ்டோரர் என்னும் அமெரிக்கப் பள்ளி மாணவர். ஆண்டு 1969, மனிதன் நிலவில் கால்வைத்த சில மாதங்களுக்குள். அதில் படம் ஏதும் கிடையாது. தட்டச்சுப் பொறி போன்ற கருவி உயரம், வேகம், மீதி எரிபொருள் ஆகியவற்றைத் தாளில் அச்சிடும். அடுத்த 10 விநாடிக்கு எவ்வளவு எரிப்பது என்று நீங்கள் எண்ணால் விடை சொல்ல வேண்டும். 1973இல் இது படத்தோடு வந்தது. 1979இல் அட்டாரி நிறுவனம் காசு போட்டு ஆடும் பெட்டியாக வெளியிட்டது. ஐயாயிரத்துக்கும் குறைவான பெட்டிகளே விற்றன. அதே ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட, விண்கற்களைச் சுட்டுத் தள்ளும் 'ஆஸ்டராய்ட்ஸ்' எழுபதாயிரத்தைத் தாண்டியது. எனக்கென்னவோ சுடுவதைவிட இறங்குவதே பிடித்திருக்கிறது.

வகுப்பில் இதை ஆடச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். பயத்தால் தொடக்கத்திலிருந்தே பொறியை எரித்து மெல்ல மெல்ல இறங்குவர். பாதி வழியில் எரிபொருள் தீர்ந்துவிடும். காரணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். விநாடிக்கு 2 மீட்டர் என்ற சீரான வேகத்தில் 100 மீட்டர் இறங்க 50 விநாடி ஆகும். அத்தனை நேரமும் பொறி ஈர்ப்பைச் சமன் செய்தாக வேண்டும். 50 × 1.62 = 81. அதாவது, விநாடிக்கு 81 மீட்டர் வேகத்தை அழிக்கவல்ல எரிபொருள் செலவாகிவிட்டது. அழித்த வேகமோ ஒன்றுமில்லை!

வேறு வழி ஒன்று உண்டு. உங்கள் பொறி நிலவின் ஈர்ப்பைப் போல் மூன்று மடங்கு முடுக்கம் தரும் எனக் கொள்வோம். முதல் 67 மீட்டர் சும்மா விழுங்கள். வேகம் விநாடிக்கு 14.7 மீட்டராகும். பிறகு முழு விசையுடன் 4.5 விநாடி எரித்தால், தரையைத் தொடும்போது வேகம் சுழி. செலவு 4.5 × 4.86, சுமார் 22தான். ஆனால் பொறியை மூட்ட அரை விநாடி தாமதித்தால் மணிக்கு 31 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவீர்கள். சிக்கனமும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் கலத்துக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். பொறிகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விசை தந்தன. சிறு பிழைகள் ஒன்றுசேர்ந்தன. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அதை எட்ட முயன்ற கலம் மோதி நொறுங்கியது. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23இல் பத்திரமாக இறங்கியது. அதில் எரிபொருள் கூடுதல். இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர்; கால்களும் உறுதியானவை. பிழை நேரும் என்று முன்னமே ஏற்றுக்கொண்டு செய்த கலம் அது.

ஸ்டோரரின் விளையாட்டிலும் ஒரு பிழை இருந்தது. மிகச் சிக்கனமாக இறங்கும் வழியைத் தேடிய கணிப்பொறி அறிஞர் ஒருவர் 2024இல் அதைக் கண்டுபிடித்தார். வர்க்கமூலத்துக்குள் ஓரிடத்தில் 2 ஆல் வகுக்க மறந்திருந்தார் அந்த மாணவர். 55 ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. பருவத் தேர்வுத் தாள் திருத்தும்போது நான் கட்டுக்கு நாலைந்து முறையாவது காணும் பிழைதான் அது.