ரெயில் ஊருக்கு எந்தக் காதல் படம்? பஸ் ஊருக்கு எந்தப் படம்?

பிடித்த காதல் படம் எது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தாத்தா "கல்யாண பரிசு" என்பார். அப்பா "அலைகள் ஓய்வதில்லை" என்பார். பேரன் "96" என்பான். சண்டை தீராது!

வயதை விட்டுவிட்டு, ஊரை வைத்துத் தேர்ந்தெடுத்தால் என்ன?

அரியலூரும் பெரம்பலூரும் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் அரியலூரில் ரெயில் நிற்கும். பெரம்பலூரில் ரெயில் நிலையமே கிடையாது. எங்கே போவதென்றாலும் பஸ்தான்!

ரெயில் காதல்

ரெயில் என்றதும் "ஒருதலை ராகம்" (1980) ஞாபகம் வரும். மாயவரம் கல்லூரியில் எடுத்த படம். காதலை மனதுக்குள்ளேயே பூட்டி வைத்த பெண், கடைசியில் வாய் திறந்து சொல்ல வருகிறாள். ரெயில் பெட்டியில் இருக்கும் அவனுக்கு உயிர் இல்லை! அன்றைக்குத் தியேட்டரில் அழாதவர் யார்?

ஆனால் அரியலூர்க்காரர்களுக்கு ரெயிலும் சாவும் வெறும் சினிமா அல்ல.

1956 நவம்பர் 23 விடியற்காலை. மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சேதப்படுத்த, சென்னையில் இருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பலி. ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவியையே ராஜினாமா செய்தார். அந்த ரெயிலுக்காக ஊர் ஊராகக் காத்திருந்த மனைவிமார் எத்தனை பேரோ!

அதனால் அரியலூருக்கு என் ஓட்டு "காதல் கோட்டை"க்குத்தான் (1996). அஜீத்தும் தேவயானியும் முகம் பார்க்காமலே கடிதத்தில் காதலிக்கிறார்கள். அவள் அனுப்பிய சுவெட்டரே கடைசியில் ரெயில் நிலையத்தில் அவனை அடையாளம் காட்டுகிறது. இங்கே ரெயில் பிரிக்கவில்லை, சேர்த்து வைக்கிறது! டைரக்டர் அகத்தியனுக்கு தேசிய விருதும் கிடைத்தது.

பஸ் காதல்

பெரம்பலூருக்கு யோசிக்கவே வேண்டாம். எம்.சரவணன் டைரக்ட் செய்த "எங்கேயும் எப்போதும்" (2011).

சென்னையில் இருந்து ஒரு பஸ், திருச்சியில் இருந்து ஒரு பஸ். விழுப்புரம் பக்கத்தில் நேருக்கு நேர் மோதுகின்றன. திருச்சி பஸ் பெரம்பலூரைத் தாண்டித்தானே போக வேண்டும்!

அதட்டும் நர்சாக அஞ்சலி, பயந்து நடுங்கும் பையனாக ஜெய். முக்கால்வாசிப் படம் ஒரே சிரிப்பு. அப்புறம் அவன் போய்விடுகிறான். அவனைக் கொன்றது வில்லன் இல்லை, ஜாதி இல்லை. ரோடு!

படம் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்ப அதே பஸ்சில்தானே ஏறியாக வேண்டும்? "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காரத் தோன்றும்.