நிற்கத் தெரியாத செல்

பெருகுவது நோயல்ல

புற்றுநோய் என்றதும் கட்டுக்கடங்காமல் பெருகும் செல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தோலும் குடலின் உட்சுவரும் அன்றாடம் செல்களைப் பெருக்கித்தான் தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததே நோய். செல்லைப் பிரியச் சொல்லி முடுக்கும் புரதங்களில் முக்கியமானவை சைக்ளின்கள். 1982-இல் கடல் முள்ளெலியின் முட்டைகளில் டிம் ஹன்ட் கண்டறிந்த இவை, ஒவ்வொரு பிரிவுக்கு முன்பும் சேர்ந்து, பிரிவின்போது சிதைந்துவிடுகின்றன. தடுத்து நிறுத்தும் வேலை ஆர்பி, பி53 போன்ற புரதங்களுடையது. உரிய உத்தரவு வரும்வரை டிஎன்ஏ நகலெடுப்பதை ஆர்பி தள்ளிவைக்கிறது. டிஎன்ஏ பழுதுபட்டால் பி53 பிரிவை நிறுத்துகிறது. பழுது தீராவிட்டால் அந்தச் செல்லையே சாகவைக்கிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53 மரபணு கெட்டிருப்பது தற்செயல் அல்ல.

வைரஸ் சொல்லும் சாட்சி

தடுக்கும் காவல் விலகுவதே நோய்க்கு வழி என்பதற்குத் தெளிவான சான்று கருப்பைவாய்ப் புற்றுநோய். ஏறக்குறைய எல்லா நேர்வுகளிலும் அதன் பின்னணியில் இருப்பது எச்பிவி வைரஸ். தன் டிஎன்ஏவை நகலெடுக்க இந்த வைரஸுக்குச் செல்லின் கருவிகளே வேண்டும். அவற்றை ஓயாமல் ஓடவைக்கக் காவலை அகற்ற வேண்டும். எனவே அதன் ஈ7 புரதம் ஆர்பியை முடக்குகிறது. ஈ6 புரதம் பி53-ஐச் சிதைக்கவைக்கிறது. ஆய்வகத்தில் புற்றுச் செல்களில் இவ்விரண்டையும் அடக்கினால் ஆர்பியும் பி53-உம் வேலைக்குத் திரும்புகின்றன, செல்களும் பெருகாமல் நிற்கின்றன.

தொற்றியவர் எல்லோருக்கும் வருவதில்லையே?

உண்மைதான். பெரும்பாலான தொற்றுகளை உடலின் எதிர்ப்பாற்றலே ஓரிரு ஆண்டுகளில் வெளியேற்றிவிடுகிறது. காவல் விலகியதுமே புற்று வருவதுமில்லை. தொற்று நீங்காமல் தங்கி, திருத்தப்படாத பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். வழக்கமாக அதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இது வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை. நமக்கு அவகாசம் இருக்கிறது என்றே காட்டுகிறது. நோயே இல்லாத சிறுமிக்கு எச்பிவி தடுப்பூசி எதற்கு என்போருக்கும் விடை இதிலேயே இருக்கிறது: தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்கும், ஏற்கெனவே புகுந்துவிட்டதை விரட்டாது. அதனால்தான் வைரஸ் தொற்றும் வாய்ப்பு வருவதற்கு முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். ஊசி எல்லா எச்பிவி வகைகளையும் தடுக்காது என்பதால், போட்டுக்கொண்டவர்களுக்கும் 30 வயது முதல் கருப்பைவாய்ப் பரிசோதனை தேவை. வலியோ இரத்தப்போக்கோ தொடங்குவதற்கு முன்பே, மாறத் தொடங்கிய செல்களைக் கண்டு அகற்றிவிட முடியும்.