12 மாதச் சம்பளத்துக்கு 24 ஆண்டுப் பணி

இந்தியாவில் ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்குப் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சட்டப்படி 15 நாள் சம்பளம் இழப்பீடு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இந்தப் பிரிவு 1953-இல் சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அடிப்படை அளவு அதே 15 நாள்தான். 72 ஆண்டுகளில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. இந்தக் கணக்கில் 12 மாதச் சம்பளம் இழப்பீடாகக் கிடைக்க ஒருவர் ஒரே இடத்தில் 24 ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும்.

24 ஆண்டு என்பதை ஆலைகளின் ஆயுளோடு ஒப்பிடலாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி தொடங்கியது 2006 ஜனவரியில். நின்றது 2014 நவம்பர் 1 அன்று. மொத்தம் 8 ஆண்டு 10 மாதம். மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 1999-இல் திறக்கப்பட்டு, 2022 ஜூலையில் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. ஏறத்தாழ 23 ஆண்டு. முதல் நாள் சேர்ந்து கடைசி நாள்வரை இருந்தவருக்குக்கூட, சட்டக் கணக்கில் நோக்கியாவில் 4.5 மாதமும் ஃபோர்டில் 11.5 மாதமும்தான் உச்சம். இரண்டில் எதுவும் 12-ஐத் தொடவில்லை.

அடுத்த எண் 6.5. மாதம் ரூ.12,000 (அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) வாங்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 9 ஆண்டுப் பணி, மற்றவருக்கு 3 ஆண்டு. முதலாமவரின் கணக்குத் தாளில் இரண்டு வரிகள் இருக்கும்: இழப்பீடு, ஆண்டுக்கு ரூ.6,000 வீதம் ரூ.54,000, பணிக்கொடை, 26-இல் 15 பங்கு என்ற விகிதத்தில் ஆண்டுக்கு ரூ.6,923 வீதம் ரூ.62,308. கூட்டினால் ரூ.1,16,308, அதாவது 9.7 மாதச் சம்பளம். இரண்டாமவருக்கு இழப்பீடு ரூ.18,000; நிரந்தரப் பணியாளருக்கான 5 ஆண்டு நிபந்தனையை எட்டாததால் பணிக்கொடை பூஜ்யம். ஆக 1.5 மாதம். பணிக்காலம் 3 மடங்குதான் வேறுபடுகிறது. கைக்கு வரும் தொகை 6.5 மடங்கு.

இந்த வேறுபாடு தொழில் மாறிப் பிழைப்பவர்களை மேலும் அழுத்துகிறது. ஒரே ஆலையில் 30 ஆண்டு வேலை செய்பவருக்கு 17.3 மாதப் பணிக்கொடை உண்டு, ரூ.12,000 சம்பளத்தில் அது ரூ.2,07,692. அதே 30 ஆண்டுகளைப் பத்து இடங்களில் மும்மூன்று ஆண்டாக உழைத்துக் கழித்த நிரந்தரப் பணியாளருக்கு 0. புதிய சட்டத்தொகுப்பு குறிப்பிட்ட காலப் பணியாளர்களுக்கு மட்டும் ஓராண்டிலேயே பணிக்கொடை தருகிறது. 3 ஆண்டு ஒப்பந்தத்துக்கு அது 1.7 மாதம். ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறுவது ஆட்குறைப்பாகக் கருதப்படாது. அங்கே 15 நாள் கணக்கு செல்லாது.

இ.எஸ்.ஐ. வழியாக 90 நாள் உதவி இருக்கிறது. 2018-இல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில், வேலையிழந்தவருக்குச் சராசரி வருமானத்தில் 25% தரப்பட்டது. 2020-இல் அது 50% ஆனது. 90 நாளுக்கு 50% என்பது 45 நாள் சம்பளம், அதாவது 1.5 மாதம். தகுதியிருந்தால் நம் இரண்டாமவரின் கையிருப்பு ரூ.18,000-லிருந்து ரூ.36,000 ஆகும். எனினும் இந்த உதவி ஆயுளில் ஒரு முறைதான்; இரண்டாவது முறை வேலை போனால் இந்த வரி காலி.

பேரம் பேசும் வலிமை இருந்த இடத்தில் எண்கள் வேறு. மறைமலை நகர்த் தொழிலாளர்களுக்கு 2022 ஜூனில் நிர்வாகம் முன்வைத்த தொகை, ஆண்டுக்குச் சராசரியாக 115 நாள் மொத்தச் சம்பளம். சட்ட அளவைப்போல் ஏறத்தாழ 7.7 மடங்கு. தொழிலாளர்கள் அதையும் போதாது என்றே சொன்னார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2014-இல் சுமார் 5,000 பேர் ஏற்றுக்கொண்ட விருப்ப ஓய்வுத் தொகையும் சட்ட அளவுக்கு மேற்பட்டதே. இவற்றைச் சட்ட உரிமையாக எடுத்துக்கொள்ள முடியாது. 50 பேர் வேலை செய்யும் உதிரிபாகப் பட்டறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

86,957 யூரோ என்பது வெளிநாட்டுக் கணக்கு. நோக்கியா 2008-இல் ஜெர்மனியின் போஹும் ஆலையை மூடி 2,300 பேரை அனுப்பியபோது செலவான 20 கோடி யூரோவை வகுத்தால் தலைக்கு வரும் தொகை இது. இவ்வளவு கொடுத்தும் அமைதி கிடைக்கவில்லை. 15,000 பேர் தெருவில் இறங்கினார்கள். புறக்கணிப்பால் 2008 முதல் 2010 வரை 70 கோடி யூரோ விற்பனை இழப்பு என நிறுவனமே மதிப்பிட்டது. அந்த வேலைகளில் ஒரு பகுதி போய்ச் சேர்ந்த ருமேனியாவின் க்ளுஜ் ஆலையும் 2011 இறுதியில் சுமார் 2,200 பேரோடு மூடப்பட்டது. அதன் ஆயுள் 4 ஆண்டுக்கும் குறைவு.

அதே நிறுவனம் 2011-இல் 2,800 யூரோவில் வேறு வழி பார்த்தது. 13 நாடுகளில் 18,000 பேரை அனுப்ப வேண்டியிருந்தபோது, வழக்கமான இழப்பீட்டுக்கு மேல் 5 கோடி யூரோ ஒதுக்கி ‘பிரிட்ஜ்’ என்ற திட்டத்தை நடத்தியது. அந்தக் காலத்து மறுசீரமைப்புச் செலவான 135 கோடி யூரோவில் இது 3.7%. தலைக்கு ஏறத்தாழ 2,800 யூரோ. பின்லாந்தின் அன்றைய சராசரி முழுநேர மாதச் சம்பளமான சுமார் 3,100 யூரோவைவிடக் குறைவு. வழிகள் ஐந்து: நிறுவனத்துக்குள் வேறு வேலை, வெளியே வேலை, சொந்தத் தொழில், படிப்பு, தன்னார்வப் பணி போன்ற புதுப் பாதை. சொந்தத் தொழிலுக்கு ஒருவருக்கு 25,000 யூரோ வரை கிடைத்தது. இது சுமார் 9 பேரின் சராசரிப் பங்குக்குச் சமம்.

விளைவு 60%. வேலையின் கடைசி நாளன்று அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்திருந்தவர்களின் விகிதம் அது. 18,000-இல் 10,800 பேர். தெரியாதவர்கள் 7,200 பேர். சுமார் 1,000 புதிய நிறுவனங்கள் தோன்றின. 18 பேருக்கு ஒன்று. வேலை போனவரெல்லாம் முதலாளி ஆகலாம் என்ற நம்பிக்கைக்கு இந்த 5.6% போதாது. மற்ற நான்கு வழிகளும் தேவைப்பட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்தியாவின் புதிய சட்டத்தொகுப்பில் பிரிட்ஜ் திட்டத்துக்குச் சற்று அருகில் வரும் எண்ணும் 15 தான். ஆட்குறைப்புக்கு ஆளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 15 நாள் சம்பளத்தை மறுதிறன் நிதியில் செலுத்த வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். ரூ.12,000 சம்பளத்தில் ரூ.6,000. பணிக்காலம் எதுவானாலும் தொகை ஒன்றே என்பது வரவேற்கத்தக்கது. மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது 0.5 மாதம், பின்லாந்துச் சராசரியை அளவுகோலாகக் கொண்டால் பிரிட்ஜ் செலவு 0.9 மாதம். இடைவெளி இரண்டு மடங்குக்கும் குறைவு. பெரிய வேறுபாடு தேதியில் இருக்கிறது: அங்கே பணம் செலவானது வேலை போவதற்கு முன்பு, இங்கே கைக்கு வருவது போன பின்பு.

கடைசியாக ரூ.25,000. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கிராமப்புறப் பெண் ஒருவர் ரூ.5 லட்சத்தில் தையலகம் தொடங்கினால் 35% மானியம், அதாவது ரூ.1,75,000 உண்டு. அவர் முதலில் போட வேண்டிய சொந்தப் பங்கு 5%, அதாவது ரூ.25,000. 9 ஆண்டு பணிபுரிந்தவர் இழப்பீட்டிலும் பணிக்கொடையிலும் இருந்து மட்டுமே அதைக் கட்டினாலும் ரூ.91,308 மீதம் வைத்திருப்பார். 3 ஆண்டு பணிபுரிந்தவரின் இழப்பீடும் மறுதிறன் நிதியும் சேர்ந்து ரூ.24,000, ரூ.1,000 குறைகிறது. இ.எஸ்.ஐ. உதவியைச் சேர்த்தால் ரூ.42,000, சொந்தப் பங்கு போக மீதம் ரூ.17,000, ஒன்றரை மாதச் செலவுக்கும் பற்றாது. வங்கி கடன் அனுமதித்து முதல் வருமானம் வரும்வரை குடும்பம் அதில்தான் சாப்பிட வேண்டும்.

பணிக்காலம் எவ்வளவானாலும் குறைந்தது 3 மாதச் சம்பளம் என்று ஓர் அடித்தளம் வகுத்தால், 3 ஆண்டுப் பணியாளருக்குச் சட்ட இழப்பீடு ரூ.18,000-க்குப் பதில் ரூ.36,000 ஆகும். 6 ஆண்டும் அதற்கு மேலும் பணிபுரிந்தவர்களுக்கு 15 நாள் கணக்கே 3 மாதத்தை எட்டிவிடுவதால் அவர்களால் கூடுதல் செலவு இல்லை. 1,000 பேர் கொண்ட ஆலையில் அனைவருமே 3 ஆண்டுப் பணியாளர்கள் என்று வைத்தால் கூடுதல் செலவு ரூ.1.8 கோடி, அதாவது அந்த ஆலையின் ஒன்றரை மாதச் சம்பளப் பட்டியல்.