தராசடிப் பிணக்கு

தமிழ்நாட்டில் தொழில் தகராறு என்பதை இலங்கைச் சட்டப் புத்தகம் பிணக்கு என்கிறது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பெயரே கைத்தொழிற் பிணக்குகள் சட்டம். மொழிபெயர்த்தவர் யாரோ, தமிழ் ருசி அறிந்தவர். அகராதியைப் புரட்டினால் பிணங்குதலுக்கு மாறுபடுதல் என்றும் இருக்கும், பின்னிக்கொள்ளுதல் என்றும் இருக்கும். விலகிப் போக முடியாதவர்களுக்குள் வருவதுதான் பிணக்கு. புருஷன் பெண்சாதி ஊடலுக்கும் அது பொருந்தியது அதனால்தான்.

இலங்கையின் பதுளைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இதைவிடத் தோதான சொல் கிடைக்காது. பகலெல்லாம் தொரையோடு, அதாவது தோட்ட மேலாளரோடு, முறுக்கிக்கொண்டு நின்றாலும், பொழுது சாய்ந்தால் போய்ப் படுப்பது அதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்.

ஆனால் அங்கே பசறையிலோ ஹாலிஎலயிலோ காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பவரிடம் பிணக்கு என்று சொல்லிப் பாருங்கள், விழிப்பார். அவருக்கு அது 'பிரச்சின'. அதிலும் தீராத பிரச்சினைக்குப் பெயர் அரைப்பேர். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். மிஞ்சியது தோட்டம் கேட்கும் அளவுக்கு வராவிட்டால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அரைப்பேர் விழும்; நாள் முழுக்க மலை ஏறி இறங்கியவருக்குப் பாதிச் சம்பளம். முதலில் தராசைப் பிடித்தவரோடு வாய்த்தர்க்கம், பிறகு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், அவருக்கு மேலே சங்கத்தின் ஜில்லா அலுவலகம். அதையும் தாண்டித் தொழில் திணைக்களம் போய்ச் சேர்ந்தால்தான் கோப்பில் 'பிணக்கு' என்று ஏறும். முக்கால்வாசி தராசடியிலேயே மடிந்துவிடும்.

மடியாத காலமும் இருந்தது. 1940இல் பதுளை வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர் தங்களுக்கென்று ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் கலந்துகொண்டே காரியம் செய்வதாகத் தொரை ஒப்புக்கொண்டார். அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்துவிட்டார்கள். பிணக்குச் சட்டம் பிறக்க அப்போது இன்னும் பத்து வருடம்.

2021 மார்ச்சில் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியது. தோட்டக் கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு இருந்த கூட்டு ஒப்பந்தத்தைக் கைகழுவின. வர்த்தமானி ரூபாவைச் சொன்னது, அதற்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கிலோவை ஏற்றிவிட்டார்கள் என்பது தொழிலாளர் முறைப்பாடு. அது நிர்வாகத்தின் உரிமை என்பது கம்பனிகளின் பதில். முன்பாவது பேச ஓர் ஒப்பந்தம் இருந்தது. அது போனபின் முழுப்பேரா அரைப்பேரா என்பது பெரும்பாலும் அந்தந்தத் தோட்டத்தின் இஷ்டம் என்றானது.